ஆற்றைப் படமெடுக்க யாரிடம் அனுமதி கேட்பது?

சென்ற மாதம் திருப்பூரில் கூடிய ஒரு சிறு இலக்கியச் சந்திப்பில், நெடுநாள் நண்பரும் தேர்ந்த வாசகருமான ஒருவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது. ‘தடை என்று பலகை வைத்திருக்கிற இடத்தில் கேமராவோடு போய் நிற்பானேன், பிறகு பிடுங்கிக்கொண்டார்கள் என்று புலம்புவானேன்? எழுதுகிறவனுக்குப் படம் எதற்கு?’ அவையில் பாதிப்பேர் தலையசைத்தனர். இன்னொருவர், ‘படமெடுக்கப் போய் வம்பில் மாட்டுகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் விளம்பரப் பிரியர்கள்’ என்று கூடுதலாக ஒரு தீர்ப்பும் வழங்கினார். அன்று நாம் மறுமொழி சொல்லவில்லை. தேநீர் வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

நண்பர் குறிப்பால் உணர்த்தியது நம் மாணவர்களைத்தான். நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்றொரு பெயருண்டு. கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணத்தில் பாடிய ஆறு அது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் சேர்கிறது. அதன் கரையிலுள்ள பழைய படித்துறைகள், சிறு கோயில்கள், நடுகற்கள் ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஒரு வகுப்புப் பணிக்காக மாணவர் ஐவரை அழைத்துச் சென்றிருந்தோம். ஒரு படித்துறையைத் தேடி நடந்தபோது, எதிர்க்கரையில் ஒரு சாயப்பட்டறையின் மதிலுக்கு அடியிலிருந்து கருநீலமாக ஒரு ஓடை ஆற்றில் இறங்குவதைக் கண்டோம். ஒரு மாணவர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். அவ்வளவுதான் நடந்த குற்றம்.

ஐந்து நிமிடத்தில் இரண்டு பைக்குகளில் நால்வர் வந்தனர். ‘யாரைக் கேட்டுங்க படம் எடுக்கறீங்க? போர்டைப் பாக்கலீங்களா?’ மதிலில் பலகை இருக்கத்தான் செய்தது. தடை செய்யப்பட்ட பகுதி, படம் எடுக்கக் கூடாது, மீறினால் சட்டப்படி நடவடிக்கை. நாம் நின்றதோ மதிலுக்குள் அன்று. ஆற்றின் இக்கரையில், ஆடு மேய்க்கிறவர்கள் போகும் தடத்தில். அதைச் சொன்னோம். வந்தவர்கள் நம்மிடம் மரியாதையாகவே பேசினர். ‘வாத்தியாருங்களா? உங்களுக்கு எதுக்குங்க சார் இந்த வம்பு, வாங்க, ஒரு டீ சாப்பிட்டுப் போங்க’ என்றனர். ஆனால் படமெடுத்த மாணவரிடம் திரும்பியபோது குரல் மாறிவிட்டது. ‘டேய், நீ செக்கிங் அக்கா பையன்தான?’ ஆம், அவருடைய தாய் அதே முதலாளியின் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர். அதற்குப் பிறகு யாரும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. மாணவர் தாமே படத்தை அழித்துக் காட்டினார். மறுநாள் அவருடைய தாயை மூன்று நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். காரணம் எதுவும் எழுத்தில் தரப்படவில்லை. நமக்கு எதுவும் நேரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். நமக்குத் தேநீர் கிடைத்தது.

இனி அந்தப் பலகைக்கு வருவோம். அதன் வாசகம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. பல்லடத்திலிருந்து கோவைக்குப் போகும் வழியில் சூலூரில் இந்திய விமானப் படையின் தளம் இருக்கிறது. தேஜஸ் போர் விமான அணியொன்று அங்கே நிலைகொண்டிருக்கிறது. அதன் சுற்றுச்சுவருக்கும் அதன் தடை அறிவிப்புக்கும் ஒரு சட்டப் பின்புலம் உண்டு. 1923 ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டம், வெள்ளையர் இயற்றி நாம் இன்றுவரை வைத்துக் காப்பாற்றி வருவது, ‘தடை செய்யப்பட்ட இடம்’ என்பதை வரையறுக்கிறது: பாதுகாப்பு அரண்கள், படைத்தளங்கள், ஆயுதக் கிடங்குகள், போர்த்தளவாடம் செய்யும் தொழிற்சாலைகள், அரசு முறைப்படி அறிவிக்கை செய்த இடங்கள். வரைபடம் என்ற சொல்லுக்குள் புகைப்படமும் அடங்கும் என்று அச்சட்டம் அன்றே எழுதிவைத்துவிட்டது. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு செய்யும் நோக்கத்தோடு அத்தகைய இடத்தை நெருங்குவதும், அதைச் சுற்றித் திரிவதும், படமெடுப்பதும் குற்றம். படைத்துறை சார்ந்ததாயின் பதினான்கு ஆண்டுவரை சிறை. இதில் இன்னொரு கொடுக்கும் உண்டு. நோக்கத்தை நேரடியாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சூழ்நிலையையும் ஒருவரது நடத்தையையும் அவரைப் பற்றி நிறுவப்பட்ட குணத்தையும் வைத்தே நோக்கத்தை ஊகித்துக்கொள்ள அச்சட்டம் இடம் தருகிறது.

ஆகவே சூலூர் மதிலருகே விளையாட்டுக்கும் கேமராவை உயர்த்த வேண்டாம் என்று நண்பர் சொல்லியிருந்தால் நாமும் தலையசைத்திருப்போம். உலகெங்கும் இந்த எச்சரிக்கைக்குப் பொருளுண்டு. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானத் தளத்தில், விமானங்களைப் பார்த்துப் பதிவெண்களைக் குறித்துக்கொள்வதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பிரிட்டன்காரர் பன்னிருவரும் டச்சுக்காரர் இருவரும் உளவாளிகள் என்று பிடிபட்டனர். அவர்கள் கையில் இருந்தவை குறிப்பேடுகளும் தொலைநோக்கிகளும். 2002 ஏப்ரலில் அவர்களுக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. எண்மருக்கு மூன்றாண்டுச் சிறை. மேல்முறையீட்டில் அவ்வாண்டு நவம்பரில்தான் விடுதலை பெற்றனர். ஓராண்டு போயிற்று. பேருந்துகளின் எண்ணைக் குறித்துவைக்கும் சிறுவனின் ஆசையைப் போன்ற ஒன்று, ஒரு படைத்தளத்தின் வேலியோரத்தில் உளவாக உருமாறிவிடும். இதெல்லாம் மெய். ட்ரோன் வைத்திருக்கும் இளைஞர்களும் அறிக: 2021 ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கின்றன. விமானத் தளத்தை ஒட்டிய வானில் ‘ஆற்றைத்தான் எடுத்தேன்’ என்பது விடையாகாது.

ஆனால் சாயப்பட்டறை எந்தச் சட்டத்தின்படி படைத்தளம் ஆயிற்று? உள்ளாடைக்குச் சாயம் தோய்க்கும் இடத்தில் எந்த நாட்டின் இரகசியம் புதைந்திருக்கிறது? தனியார் ஒருவர் தம் மதிலில் எழுதிக்கொள்ளும் ‘தடை செய்யப்பட்ட பகுதி’ என்ற தொடருக்கு அம்மதிலின் வெளிப்புறத்தில் எந்த வலுவும் இல்லை. மதிலுக்குள் நுழைவது அத்துமீறல்; அதற்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இடமுண்டு, 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இடமுண்டு. உள்ளே படமெடுக்க வேண்டாம் என்று முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். அடுத்த பருவத்துக்கு ஐரோப்பியக் கடைகளில் தொங்கப்போகும் சாம்பிள் உள்ளே தைக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அது வெளியே கசிந்தால் பையர் ஆர்டரையே மாற்றிவிடுவார். இதை நாம் எள்ளவில்லை. பனியன் கம்பெனிச் சம்பளத்தில் படித்து வந்தவர்கள்தாம் நம் வகுப்பில் பாதிப்பேர். எனினும் சாம்பிள் டிசைனைக் காப்பதற்கான வேலி, கழிவு ஓடைக்கும் அதன் பிறகு ஆற்றுக்கும் எப்படி நீண்டது? சூலூர்ப் பலகையின் அச்சத்தை இந்தப் பலகை கடன் வாங்கியிருக்கிறது. வாசித்தவுடன் நம் உள்ளத்தில் எழுவது காவல் நிலையம், துப்பாக்கி, தேசத்துரோகம். சட்டத்தில் இல்லாத வலுவை அந்த நடுக்கம் தருகிறது. நண்பரைப் போன்ற நன்கு படித்த மனிதரே அந்தக் கடன் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவதுதான் நம் வருத்தம்.

ஆற்றின் கதையைச் சற்றே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1992 இல் சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்கு அணை கட்டி முடித்தார்கள். உழவுக்கென்று கட்டிய அணை. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது சாயக்கழிவு. நீரைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர்கள், திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் வழக்குக்குப் போயிற்று. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை ஆற்றில் விடாத நிலையை எட்டுமாறு ஆணையிட்டது. 2009 இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்டவை ஒரே நாளில் நின்றன. அந்த மாதங்களில் திருப்பூர்ப் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு ஊர் திரும்பியவர்களைக் கண்டவர்கள், சாயப்பட்டறையை மூடுவது என்பதை எளிய முழக்கமாகச் சொல்லமாட்டார்கள். நாமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பெரும் பொருட்செலவில் சுத்திகரிப்பு நிலையங்களை இயக்கி, ஒரு சொட்டும் வெளியேற்றாமல் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். இரவில் மதிலடியில் குழாயைத் திறந்துவிடும் ஒருவர் முதலில் ஏய்ப்பது அவர்களைத்தான். அவருடைய ஓடையை யாரும் படமெடுக்கக் கூடாது என்றால், அந்தச் செலவைச் செய்தவர்கள் எல்லாரும் ஏமாளிகள் என்றாகிவிடும்.

‘எழுதுகிறவனுக்குப் படம் எதற்கு’ என்ற கேள்விக்கும் இங்கே ஒரு விடை உண்டு. சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ நாவலை எழுதி கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இந்த ஊரின் நீரும் காற்றும் மனிதரும் என்ன ஆனார்கள் என்று அறிய விரும்புகிறவர்க்கு அது வேண்டும். ஆயினும் நாவலைக் காட்டி எந்த அதிகாரியையும், இந்தக் குழாய், இந்த நாள், இந்த மணி என்று கேட்க முடியாது. கற்பனை என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுவார். படத்தை அப்படி ஒதுக்குவது கடினம். 2017 செப்டம்பரில் நொய்யலில் நுரை பொங்கி மிதந்த படங்கள் நாடெங்கும் பரவின. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் கே. சி. கருப்பணன், கோவை மக்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதால் வந்த நுரை அது என்று விளக்கம் சொன்னார். ஊரே சிரித்தது. நகைப்புக்குரிய விளக்கம்தான், என்றாலும் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டிய நெருக்கடியை உண்டாக்கியவை அந்தப் படங்கள். படம் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்றும் நாம் மயங்கவில்லை. பருத்திக்குச் சாயம் ஏற்றக் கொட்டுகிற உப்பு நீரில் கரைந்துவிடும். நிறத்தை நீக்கிவிட்டால் கண்ணுக்குத் தெளிந்த நீர்போலவே ஓடும். நிலத்தைக் கொல்லும் அந்த உப்பு எந்த லென்ஸிலும் சிக்காது. அதற்கு ஒரு பாட்டில் நீரும் ஓர் ஆய்வகமும் வேண்டும்.

விளம்பரப் பிரியர்கள் என்று சொன்ன அன்பருக்கும் ஒன்று. லூயிஸ் ஹைன் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் 1908 முதல் தேசியக் குழந்தை உழைப்புக் குழுவுக்காகத் தென் மாநிலங்களின் பஞ்சாலைகளைப் படமெடுத்தார். நம் தொழிலுக்கு உறவான தொழில். ஆலை முதலாளிகள் உள்ளே விடவில்லை. தீத்தடுப்பு ஆய்வாளர், பைபிள் விற்பவர், அஞ்சலட்டை வியாபாரி என்றெல்லாம் சொல்லி நுழைந்தார். சிறுமியின் உயரத்தைத் தம் சட்டைப் பொத்தான்களை வைத்து அளந்து, சட்டைப்பைக்குள் கையை விட்டபடியே குறித்துக்கொண்டார். நுழைய முடியாத இடங்களில் ஷிப்ட் விடும் நேரத்தில் வாயிலுக்கு வெளியே நின்றார். பொய்வேடத்தை நாம் பரிந்துரைக்கவில்லை. வாயிலுக்கு வெளியே நின்றதைப் பரிந்துரைக்கிறோம். யூஜின் ஸ்மித் ஜப்பானில் மினமாட்டா மக்களைப் படமெடுத்தவர். ஒரு வேதித் தொழிற்சாலை கடலில் கலந்த பாதரசத்தால் உருக்குலைந்த மக்கள் அவர்கள். 1972 ஜனவரியில் அந்நிறுவனத்தின் ஆட்கள் அவரைத் தாக்கினர். கண்பார்வை பழுதுபட்டது. கழிவுநீரைத் தேடிப்போன கேமராவுக்கு விழுந்த அடி அது. அதைப் பெற்றவரை விளம்பரப் பிரியர் என்று அழைக்க நமக்கு நாக்கு எழவில்லை.

இவ்வளவும் பலகைக்கு எதிராக. இனி நம் பக்கத்துக்கு எதிராகவும் பேச வேண்டும். கேமரா ஏந்தும் இலக்கிய அன்பர்கள் பலர் காணத் தவறுவது, ஆபத்து படமெடுத்தவரோடு நின்றுவிடுவதில்லை என்பதை. 2018 நவம்பரில் பிரான்ஸைச் சேர்ந்த பத்திரிகையாளர் இருவர், கடற்கரைத் தாதுமணல் பற்றிய புலனாய்வுக்காகக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்தனர். மணவாளக்குறிச்சியில் அணுசக்தித் துறையின்கீழ் இயங்கும் இந்திய அருமணல் ஆலை வளாகத்தில் அனுமதியின்றிப் படமெடுத்ததாக விவகாரம் எழுந்தது. அவர்கள் நாட்டைவிட்டுப் போய்விட்டனர். உடன் சென்ற உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்கள் காவல்துறையின் பிடியில் சிக்கினர். 2019 ஜூனில் அந்தப் புலனாய்வு பல நாட்டு ஏடுகளில் வெளியாயிற்று. பெயரும் புகழும் அதற்கு உரியவர்க்குச் சேர்ந்தன. வழிகாட்டியவர்கள் அதே ஊரில்தான் வாழ வேண்டும். நொய்யல் கரையில் நமக்குத் தேநீரும் மாணவரின் தாய்க்கு மூன்று நாள் கூலியிழப்பும் கிடைத்ததை இதனருகே வைத்துப் பாருங்கள்.

படத்துக்குள் இருப்பவர்கள் நிலை இதைவிடக் கொடிது. நூற்பாலை விடுதிப் பெண்களைப் பற்றி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் திருமணத் தொகை தருவதாக ஆசை காட்டி மூன்றாண்டுக் காலம் அடைத்துவைக்கும் முறையைப் பற்றி, 2011 இல் நெதர்லாந்தின் சோமோ அமைப்பு அறிக்கை வெளியிட்டதிலிருந்து, அந்தப் பெண்களின் முகங்கள் நம் சிற்றிதழ் அட்டைகளுக்கும் வலைப்பக்கங்களுக்கும் மலிவான அணிகலன் ஆகிவிட்டன. ஜன்னல் கம்பிக்குப் பின்னே ஒரு சோர்ந்த முகம். கீழே நம் கவிதை. அந்த முகத்துக்கு உரியவள் மறுநாள் காலை அதே வார்டனிடம்தான் போய் நிற்க வேண்டும். அவளிடம் நாம் கேட்டோமா? பகல் முழுதும் மேலே சிசிடிவி அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆடிட் வரும்போது தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் நிறுத்தி அவளைப் படமெடுக்கிறார்கள். அவற்றுக்கும் அவளைக் கேட்டதில்லை. அந்த வரிசையில் மூன்றாவது கேமராவாக நாமும் போய் நிற்கிறோம் என்றால், நமக்கும் அந்த மதிலுக்கும் என்ன வேறுபாடு? ஸ்மித்தின் மினமாட்டாப் படங்களில் உலகம் அறிந்தது, 1971 இல் எடுத்த, உடல் முடங்கிய மகளைத் தாய் குளிப்பாட்டும் படம். பல்லாண்டுகளுக்குப் பின், மகளும் மறைந்த பிறகு, பெற்றோரின் மனநிலையை மதித்து, அதன் பதிப்புரிமையைக் கொண்டிருந்த ஐலீன் ஸ்மித் 1998 இல் அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடமே ஒப்படைத்தார். உலகப் புகழ்பெற்ற படமொன்று புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும் என்று தெரியவில்லை. ஒரு முகநூல் பதிவை நீக்கவே நாம் தயங்குகிறவர்கள்.

நமக்கே இது நேர்ந்தது என்பதால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறோம். மாணவர் அழித்த படம் அழியவில்லை. கைப்பேசிகளில் அழித்தவை ஒரு மாதம்போலத் தனி உறையில் கிடக்கும். மிரட்டியவர்களுக்கு அது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மீட்டெடுத்தார். இந்தத் தளத்தில் வெளியிடலாம் என்று நாமே சொன்னோம், தலைப்பும் யோசித்தாயிற்று. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் குழாய்வாயின் இடப்புறம் லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் குனிந்து நிற்பது தெரிந்தது. முகம் நன்றாகவே விழுந்திருந்தது. வால்வைத் திறந்துவிடச் சொல்லப்பட்டவர். படம் வெளிவந்திருந்தால் முதலாளி, ‘எங்களுக்குத் தெரியாது, அந்த ஆள்தான் செய்தான்’ என்றிருப்பார். நாம் ஓர் ஆற்றைக் காப்பாற்றுவதாக நினைத்து, வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த ஒருவராகவும் இருக்கக்கூடிய அந்த மனிதரைக் கொண்டுபோய்ச் சிக்கவைத்திருப்போம்.

படம் இங்கே வெளியாகாததன் காரணம் அதுவே. அந்தப் பலகை காரணமன்று. இப்படத்தை என்ன செய்வது என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டபோது அவர் சொன்னது பயனுள்ளது. வாட்ஸப்பில் அனுப்பினால் படத்துக்குள் பதிந்திருக்கும் நாளும் நேரமும் இடமும் உதிர்ந்துவிடும். மூலக் கோப்பை அப்படியே தனியாக வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்கு நீதிமன்றம் சான்றிதழ் கேட்கும். பழைய சட்டத்தில் 65 பி, புதிய சாட்சியச் சட்டத்தில் 63 ஆம் பிரிவு. பொது வழியில் நின்றே எடுங்கள், மதிலைத் தொடவும் வேண்டாம். படத்தை அழி என்று உங்களைக் கட்டாயப்படுத்தும் உரிமை எந்தக் காவலாளிக்கும் இல்லை. ஆனால் நால்வர் சூழ்ந்து நிற்கும்போது அதைச் சொல்லி வாதாடவும் வேண்டாம். இந்தக் கடைசி வரியைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

மனிதர் இல்லாத படம் ஒன்று வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மறுபடி போனோம். இம்முறை கைப்பேசி நம் கையில் இருந்தது, மாணவர்கள் வரவில்லை. சாலைப் பாலத்தின் மேல் நின்று ஓடையை மட்டும் எடுத்தோம். அதே பைக்குகளில் ஒன்று வந்து நின்றது, நம்மைப் பார்த்தது, போய்விட்டது. எடுத்த படத்தை நாளும் மணியும் குறித்து, நம் பெயரில் மட்டும் கையொப்பமிட்டு, உரிய அலுவலகத்துக்கு மனுவோடு அனுப்பியிருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது. மாணவரின் தாய் இப்போது வேறொரு கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குப் போகிறார். முன்பைவிட வாரத்துக்குச் சில நூறு ரூபாய் குறைவு என்று மாணவர் சொன்னார். படித்துறை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. கருநீல ஓடை இறங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சேற்றுக்கு அடியில் அது இருப்பதாக ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். தை மாதம் நீர் வற்றியதும் அவரையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறோம். அவருக்குப் பிள்ளைகள் யாரும் பனியன் கம்பெனியில் இல்லை என்பதை முன்னமே விசாரித்துக்கொண்டோம்.